காஞ்சி நாட்டில் இடைநிலைக் கல்வி: தறியும் பள்ளியும்

1. முன்னுரை

கல்வி வரலாறு எழுதப் புகுவோர் பெரும்பாலும் அதன் இரு முனைகளையே நோக்குகின்றனர். ஒரு முனை எழுத்தறிவு. மறு முனை பல்கலைக்கழகம். எழுத்தறிந்தோர் எத்துணையர் என்று எண்ணுவதும், பெரும் புலவரையும் பெரும் நிலையங்களையும் போற்றுவதும் எளியன. இவ்விரண்டிற்கும் இடைப்பட்டு, ஏறத்தாழப் பத்து அகவை முதல் பதினேழு அகவை வரை நிகழும் இடைநிலைக் கல்வி அத்துணைக் கருத்தைக் கவர்வதில்லை. ஆயினும், ஒரு சமுதாயத்தின் ஏற்றத்தாழ்வு வெளிப்படையாகத் தோன்றுவது இப்படியிலேயே ஆகும். தொடக்கப் பள்ளிக்குப் பலர் வருகின்றனர். இடைப்படியில் ஒரு பகுதியினர் நின்றுவிடுகின்றனர். நின்றவர் யாவர், ஏன் நின்றனர் என்பதை அறியின், அச்சமுதாயத்தின் இயல்பையே அறிந்தவராவோம்.

இவ்வுண்மையைக் காஞ்சி நாட்டின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். காஞ்சி மாநகரும், அதற்குக் கிழக்கே தொண்டைமான் இளந்திரையன் பெயரால் திரையனேரி என வழங்கிப் பின்னர்த் தென்னேரி எனத் திரிந்ததாகக் கூறப்படும் பேரேரியைச் சார்ந்த ஊர்களும், பாலாற்றங்கரைச் சிற்றூர்களும் ஈண்டுக் காஞ்சி நாடு எனக் கொள்ளப்பட்டன. கல்விக்கும் பட்டு நெசவிற்கும் ஒருங்கே பெயர்பெற்ற நிலப்பகுதி இது. இவ்விரு புகழும் ஒரே மண்ணில் வளர்ந்தும், ஒன்றின் பயன் மற்றொன்றின் மக்களை எளிதிற் சென்றடையவில்லை.

2. பண்டை நிலையங்கள்

காஞ்சியின் பழைய கல்விச் சிறப்பு பலரும் அறிந்ததாதலின் அதனை விரிக்க வேண்டுவதில்லை. கதம்ப மரபின் முதல்வனாகிய மயூரசன்மன் தன் ஆசிரியருடன் காஞ்சிக் கடிகைக்குக் கல்வி பயில வந்த செய்தியைத் தாளகுந்தாக் கல்வெட்டுக் கூறுகின்றது. நாளந்தாவின் தலைமையாசிரியராக விளங்கிய தருமபாலர் காஞ்சியில் தோன்றியவர். பிற்காலத்தில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வீரராசேந்திரன் (1063-1070) காலத்தில், அறுபதின்மர் உண்டு உறைந்து கற்ற கல்லூரியும் பதினைந்து படுக்கைகள் கொண்ட மருத்துவச்சாலையும் கோயிலோடு இணைந்திருந்தன. தென்னார்க்காட்டு எண்ணாயிரத்தில் இளநிலை மாணவர் 270 பேரும் முதுநிலை மாணவர் 70 பேரும் கற்றனர். இளையோர்க்கு நாள் ஒன்றுக்கு ஆறு நாழி நெல்லும், மூத்தோர்க்குப் பத்து நாழி நெல்லும் அளக்கப்பட்டன. உணவும் உறையுளும் கொடுத்தாலன்றி நெடுங்காலக் கல்வி நடவாது என்பதைச் சோழர் காலத்தார் நன்கு உணர்ந்திருந்தனர் என்பதற்கு இஃது ஒரு சான்று.

ஆனால் இந்நிலையங்களின் வாயில் வேதமும் வடமொழி இலக்கணமும் பயில்வோர்க்கே திறந்திருந்தது. உத்தரமேரூர்ச் சபையின் உறுப்பினர்க்கு உரிய தகுதிகளை வகுத்த முதற் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, இறை செலுத்தும் நிலம் கால்வேலி உடையவனாதல் வேண்டும் என விதித்து, ஒரு வேதத்திலும் ஒரு பாடியத்திலும் வல்லவனாயின் அரைக்கால் வேலி போதும் எனத் தளர்த்துகின்றது. அறிவு நிலத்திற்கு ஈடாயிற்று. அவ்வறிவைப் பெறும் வழியோ பிறப்பினால் வரையறுக்கப்பட்டிருந்தது.

அங்ஙனமாயின் நெசவாளர் எழுத்தறியாதோராக இருந்தனரா? அவ்வாறு கொள்ளற்கில்லை. உத்தம சோழன் காலத்துச் செப்பேடுகள், காஞ்சியின் நெசவாளர் சேரிகளில் வாழ்ந்த பட்டசாலியர்க்குக் கோயிற் பொருளை மேற்பார்க்கும் பொறுப்பு அளிக்கப்பட்டமையைத் தெரிவிக்கின்றன. கணக்கறியாதார் கணக்கை மேற்பார்த்தல் இயலாது. ஆகவே அவர்கள் தம் தொழிலுக்கும் நிருவாகத்திற்கும் போதிய எழுத்தும் எண்ணும், கடிகைக்குப் புறத்தே, தம் தெருக்களிலேயே கற்றனர் எனக் கருத இடமுண்டு. அகன்ற அடித்தளமும் குறுகிய மேல்தளமும் உடையதாகவும், இரண்டையும் இணைக்கும் படி இல்லாததாகவும் அமைந்த கல்வி முறையின் தொடக்கத்தை இங்கே காண்கிறோம்.

3. மன்றோவின் கணக்கெடுப்பு

இம்முறையின் முழு வடிவத்தையும் எண்களோடு காட்டுவது சென்னை ஆளுநர் தாமசு மன்றோ 1822இல் மாவட்ட ஆட்சியர் வாயிலாக எடுப்பித்த கணக்கு. அதன்படி மாகாணத்தின் மக்கள் 1,28,50,941 பேர், பள்ளிகள் 12,498, பயின்றோர் 1,88,650 பேர். அறுபத்தேழு பேர்க்கு ஒருவர் பள்ளியில் இருந்தார் என்று 1826 மார்ச்சுத் திங்களில் மன்றோ எழுதினார். வீட்டில் கற்ற சிறுவரையும் சேர்த்தால் ஆண் சிறுவருள் மூன்றிலொரு பங்கினர் கல்வி பெற்றனர் எனவும் மதிப்பிட்டார்.

இக்குறிப்புகளைத் தொகுத்துத் தரம்பால் 1983இல் வெளியிட்ட நூலால் அறியப்படும் செய்தி ஒன்று பெரிதும் சிந்திக்கத்தக்கது. தமிழ் வழங்கும் மாவட்டங்களில் திண்ணைப் பள்ளி மாணவருள் 'சூத்திரர்', 'பிற சாதியார்' என்னும் தலைப்புகளின்கீழ் எண்ணப்பட்டோர் ஏறத்தாழ நூற்றுக்கு எழுபது முதல் எண்பத்து நான்கு வரை இருந்தனர். கைத்தொழிலாளர் மக்களும் உழவர் மக்களும் திண்ணையில் அமர்ந்து மணலில் எழுதினர் என்பது இதனால் உறுதியாகின்றது. ஆயின் மகளிர் மாகாணம் முழுவதிலும் 4,540 பேரே. தாழ்த்தப்பட்ட வகுப்பினர் எத்துணையர் என்பது அத்தலைப்புகளால் தெளிவாகப் புலப்படவில்லை. மேலும், உயர்கல்வி நிலையங்கள் என எண்ணப்பட்ட 1,094 இடங்களிற் கற்றோர் 5,431 பேர். அவருள் மிகப் பெரும்பாலோர் அந்தணர்.

ஆகவே, ஆங்கிலேயர் வருமுன் கல்வியே இல்லை என்பாரும் தவறினர். அக்காலக் கல்வி அனைவர்க்கும் ஒப்ப இருந்தது என்பாரும் தவறினர். திண்ணைப் பள்ளியில் எழுத்தும் எண்சுவடியும் நீதி நூலும் கற்ற சிறுவன், பத்து அகவை அளவில் தந்தையின் தறிக்கோ ஏருக்கோ கடைக்கோ சென்றான். அவன் மேலே ஏறுவதற்குரிய படி கட்டப்படவே இல்லை. சிறுவர் பள்ளியை விரைவில் விட்டு நீங்குவதற்கு வறுமையையே முதற் காரணமாக மன்றோவும் கருதினார். அவர் மாவட்டந்தோறும் முதன்மைப் பள்ளிகளும், வட்டந்தோறும் ஒரு பள்ளியும் நிறுவத் திட்டமிட்டார். இடைநிலைக் கல்வியைச் சிற்றூர் அருகே கொணரும் முயற்சியாகிய இது, 1827இல் அவர் மறைந்தபின் தளர்ந்து, 1836இல் கைவிடப்பட்டது.

இவ்விடத்து அயல்நாட்டுச் செய்தி ஒன்றும் கூறத்தகும். சென்னை எழும்பூர் ஆதரவற்றோர் விடுதியில் 1789 முதல் 1796 வரை பணியாற்றிய ஆண்டுரு பெல், திண்ணைப் பள்ளியில் மூத்த மாணவன் இளையோர்க்குக் கற்பிக்கும் சட்டாம்பிள்ளை முறையைப் போன்றதொரு முறையை அமைத்து, 1797இல் அதனைப் பற்றி இங்கிலாந்தில் நூல் வெளியிட்டார். 'சென்னை முறை' எனப் பெயர்பெற்ற அஃது ஆங்கு ஏழை மக்களின் பிள்ளைகளுக்குச் சிக்கனமான கல்வியாகப் பரவியது. செல்வர் பிள்ளைகளோ இலத்தீன் கற்பிக்கும் பழைய பள்ளிகளிலேயே தொடர்ந்து பயின்றனர். ஒரே முறை இரு நாட்டிலும் அடிப்படியை அகலமாக்கிற்று. இரு நாட்டிலும் இடைப்படியின் வாயிலைத் திறக்கவில்லை.

4. ஆங்கிலப் பள்ளிகளின் வரவு

இடைநிலைக் கல்வி என நாம் இன்று வழங்கும் வடிவம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உருவாயிற்று. சென்னையில் 1841இல் அரசின் உயர்நிலைப் பள்ளி திறக்கப்பட்டது. 1794இல் மறைந்த பச்சையப்ப முதலியாரின் அறப்பொருளைக் கொண்டு 1842இல் சென்னையிலும், பின்னர்க் காஞ்சியிலும் பள்ளிகள் தோன்றின. 1837இல் சென்னைக்கு வந்த சுகாத்துலாந்துச் சமயத் தொண்டர் சான் ஆண்டர்சனின் பணி காஞ்சியிலும் கிளைத்தது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பெற்றபின், அதன் நுழைவுத் தேர்வே உயர்நிலைப் பள்ளிகளின் குறிக்கோளாயிற்று. பள்ளியின் பயன் பள்ளியினுள் இன்றித் தேர்விலும், தேர்வின் பயன் அரசுப் பணியிலும் காணப்பட்டன.

புதிய படி கட்டப்பட்டதாயினும் பழைய வாயிற்காவல் நீங்கவில்லை. 1838இல் ஆண்டர்சனின் சென்னைப் பள்ளியில் தாழ்த்தப்பட்ட வகுப்புச் சிறுவர் சிலர் சேர்க்கப்பட்டபோது, ஏனை வகுப்பு மாணவர் பலர் பள்ளியை விட்டு நீங்கினர். ஆண்டர்சன் அச்சிறுவரை விலக்க இசையவில்லை. பச்சையப்பன் கல்லூரியிலோ 1920களின் இறுதி வரை ஆதி திராவிடர்க்கும், 1947 வரை இந்துக்களல்லாதார்க்கும் இடமில்லை. தமிழ்நாட்டுப் பொதுவாழ்வில் சிறந்தோர் பலரை உருவாக்கிய அறநிலையம் என்னும் உண்மையும், அதன் வாயில் நெடுங்காலம் ஒருபுறம் அடைத்திருந்தது என்னும் உண்மையும் ஒருங்கே நினைக்கத்தக்கன.

நெசவாளர் குடியிற் பிறந்து இப்படியில் ஏறியவருள் யாவரும் அறிந்த எடுத்துக்காட்டு அறிஞர் அண்ணா. 1909இல் காஞ்சியிற் பிறந்து, அங்குள்ள பச்சையப்பன் பள்ளியிற் கற்ற அவர், குடும்ப நிலை கருதிச் சில திங்கள் நகராட்சியில் எழுத்தராகப் பணியாற்றியே பின்னர்ச் சென்னைக் கல்லூரிக்குச் சென்றார். அவர் பின்னாளில் முதலமைச்சரானதை வியப்போர், அவர் கல்வி நடுவில் ஒரு முறை நின்ற இடத்தைக் கருதுவதில்லை. அந்த இடத்தில் நின்றவர் நின்றபடியே ஒழிந்த குடும்பங்கள் பல.

5. தறியின் இயல்பும் சிறுவனின் அகவையும்

அவர்கள் நின்றமைக்கு வறுமை என்று ஒரு சொல்லில் விடை கூறுதல் போதாது. வறுமை எல்லாத் தொழிலார்க்கும் பொது. பட்டு நெசவில் அவ்வறுமை எவ்வாறு சிறுவனின் கையைப் பற்றியது என்பதை அறியத் தறியின் அமைப்பையே நோக்குதல் வேண்டும்.

காஞ்சிப் பட்டின் தனிச் சிறப்பு கோர்வை. உடலின் நிறம் வேறு, கரையின் நிறம் வேறு. இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஊடை இழைகள் ஒன்றையொன்று கோத்துக்கொள்ளுமாறு நெய்யப்படும். இதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும். குழித்தறியில் அமர்ந்த நெசவாளர் ஒருவரே மூன்றையும் வீசுதல் அரிது. எனவே அவர்க்குப் பக்கத்தில் ஒருவர் அமர்ந்து கரை நாடாவை வாங்கியும் வீசியும் துணைபுரிவார். ஒரு சேலைக்குப் பல நாள். நாள்தோறும் பல மணி நேரம் அதே செயல். இத்துணைக்கு வலிமை வேண்டுவதில்லை. நெடுநேரம் அமர்ந்திருக்கும் பொறுமையே வேண்டும். கூலி கொடுத்துப் பெரியவர் ஒருவரை அமர்த்தினால் நெசவுக் கூலி இரு பங்காகும். ஆதலின் அவ்விடம் சிறுவர்க்கு உரியதாயிற்று. தம் பிள்ளையாயின் கூலி இல்லை. பிறர் பிள்ளையாயின் பெற்றோர்க்குக் கொடுத்த முன்பணம் கழியும் வரை அப்பிள்ளை அத்தறியை விட்டு நீங்கல் இயலாது.

ஆறேழு அகவைச் சிறுவன் தறிக்குப் பயன்படான். அவன் தொடக்கப் பள்ளியில் இருப்பதால் குடும்பத்திற்கு இழப்பில்லை. ஒன்பது, பத்து அகவையில் அவன் நாடாவை வீச வல்லவனாகின்றான். தொடக்கப் பள்ளியினின்று நடுநிலைப் பள்ளிக்கு ஏற வேண்டிய அகவையும் அதுவே. பள்ளியின் படியும் தறியின் தேவையும் ஒரே ஆண்டில் சந்திக்கின்றன. காஞ்சி நாட்டில் எழுத்தறிவு பரவிய காலத்தும் இடைநிலைக் கல்வி பரவாமைக்கு இச்சந்திப்பே அடிப்படைக் காரணம் என்பது எம் கருத்து.

இளமையிலே பழகினாலன்றிக் கைத்தொழில் படியாது என்பர் சிலர். இது முழுதும் பொருந்தாது. பக்கத்தில் அமர்ந்து கரை நாடா வீசும் சிறுவன் கற்பது அந்த ஒரு செயலையே. பாவு புணைத்தலும், அடை கட்டுதலும், வண்ணம் தேர்தலும், சரிகையின் விலை கணித்தலும் அவன் கல்வியில் இடம்பெறுவதில்லை. பள்ளிக் கல்வியை இழந்தவன் தொழிற் கல்வியையும் முழுமையாகப் பெறவில்லை. காஞ்சியின் பட்டுத் தறிகளில் முன்பணத்திற்குக் கட்டுண்ட சிறுவரின் நிலையை அனைத்துலக மனித உரிமை அமைப்பு ஒன்று 1996லும் 2003லும் அறிக்கைகளாக வெளியிட்டபோது, தமிழர் பெருமையாகப் போற்றிய தொழிலின் மறைந்த பக்கம் உலகறிய நேர்ந்தது.

6. அரைநாட் பள்ளி

இப்பின்னணியிலேயே 1953ஆம் ஆண்டின் கல்வித் திட்டத்தை ஆராய்தல் வேண்டும். முதலமைச்சர் இராசாசி, ஊர்ப்புறத் தொடக்கப் பள்ளிகளில் மூன்று மணி நேரமே வகுப்பு நடத்தி, எஞ்சிய நேரத்தில் மாணவர் தம் பெற்றோர் தொழிலைப் பழக வேண்டும் என வகுத்தார். இருக்கும் கட்டடத்தையும் ஆசிரியரையும் கொண்டே இரு மடங்கு பிள்ளைகளைக் கற்பிக்கலாம் என்பதும், உடலுழைப்பு மதிக்கப்பட வேண்டும் என்பதும் அவர் கூறிய காரணங்கள். பணமின்மை உண்மையே, உழைப்பை மதித்தலும் நற்கருத்தே. எனினும் தந்தை பெரியாரும் திராவிட முன்னேற்றக் கழகத்தாரும் அதனைக் குலக்கல்வித் திட்டம் எனப் பெயரிட்டு எதிர்த்தனர். 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது.

1937இல் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வியிலும் கைத்தொழில் உண்டு. ஆனால் அது பள்ளியினுள், எல்லா மாணவர்க்கும் பொதுவாக, கல்வியின் கருவியாக வைக்கப்பட்டது. 1953ஆம் ஆண்டுத் திட்டத்திலோ தொழில் பள்ளிக்குப் புறத்தே, அவரவர் பிறப்பின்படி அமைந்தது. நெசவாளர் வீட்டில் அப்புறம் என்பது கரை நாடாவே. அரசு கூறாமலே தறி பிடித்து வைத்திருந்த அரைநாளை, அரசே தறிக்கு எழுதிக் கொடுத்தது போலாயிற்று. எழுந்த எதிர்ப்பின் வன்மைக்கு இதுவே காரணம்.

பின்வந்த ஆண்டுகளில் காமராசர் ஆட்சி ஊர்தோறும் பள்ளி திறந்து, 1956 முதல் மதிய உணவை விரிவாக்கி, 1960களின் முற்பகுதியில் உயர்நிலைப் பள்ளி வரை கட்டணத்தை நீக்கியது. எண்ணாயிரத்தில் நாழி நெல்லாக அளக்கப்பட்ட அதே உண்மை இங்கு எல்லார்க்கும் பொதுவாயிற்று. 1982இல் சத்துணவுத் திட்டமாக விரிந்த இதுவே, தமிழ்நாட்டில் படியை உண்மையாக அகலமாக்கிய பெருஞ்செயல் எனலாம்.

7. சட்டங்களின் இடைவெளி

எனினும் இடைப்படியில் ஓர் ஓட்டை எஞ்சியது. 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் பதினான்கு அகவைக்குட்பட்டோரைச் சில தொழில்களில் அமர்த்துவதைத் தடுத்தது. குடும்பத்தார் தம் வீட்டில் நடத்தும் பட்டறையை விலக்கி வைத்தது. காஞ்சியில் தறி பெரும்பாலும் வீட்டினுள் இருப்பது. 2016ஆம் ஆண்டுத் திருத்தம் பதினான்குக்குட்பட்டோரை எத்தொழிலிலும் அமர்த்துவதைத் தடுத்தும், பள்ளி நேரத்திற்குப் பின்னும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலில் உதவுவதற்கு இசைந்தது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமோ ஆறு முதல் பதினான்கு அகவை வரை, எட்டாம் வகுப்பு வரையே உரிமை வழங்குகின்றது.

இரு சட்டங்களையும் ஒருங்கு வைத்து நோக்கின், பதினான்கு அகவை நிரம்பிய சிறுவன் கல்வியுரிமையின் எல்லைக்கும் புறத்தே நிற்கின்றான். இடர் மிகுந்த தொழில்கள் நீங்கலாக உழைப்புத் தடையின் எல்லைக்கும் புறத்தே நிற்கின்றான். ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையுள்ள நான்கு ஆண்டுகளே இன்று அவன் வாழ்வை முடிவு செய்வன. காஞ்சியைச் சூழ்ந்து, திருப்பெரும்புதூர், ஒரகடம் பகுதிகளில் இருபதாம் நூற்றாண்டின் இறுதி முதல் எழுந்த தொழிற்சாலைகள் பள்ளியிறுதிச் சான்றையே வாயிலாகக் கொண்டன. உரிமை முடியும் இடத்தில் தேவை தொடங்குகின்றது.

8. பிற நாட்டு நிலை

இடைப்படியின் இச்சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் இடைநிலைக் கல்வியை எல்லார்க்கும் இலவசமாக்கியது. ஆனால் பதினோராம் அகவையில் ஒரு தேர்வு வைத்துச் சிறுவரை வெவ்வேறு வகைப் பள்ளிகளுக்குப் பிரித்தனர். தொழிலாளர் பிள்ளைகள் பெரும்பாலும் தாழ்ந்த வகைக்கே சென்றமையால், 1965இல் பொதுப் பள்ளி முறைக்கு மாறுமாறு அரசு சுற்றறிக்கை விடுத்தது. பின்லாந்தும் பதினோரு அகவையிற் பிரிக்கும் முறையையே கொண்டிருந்தது. 1968இல் சட்டம் இயற்றி, 1972 முதல் 1977 வரை படிப்படியாக ஒன்பதாண்டுப் பொதுப் பள்ளியை நிறுவிற்று. 2000ஆம் ஆண்டின் பன்னாட்டுத் தேர்வில் அந்நாடு முன்னணியில் நின்றபோது, அங்குப் பள்ளிக்கும் பள்ளிக்கும் இடையே வேறுபாடு மிகச் சிறிதாக இருந்தமையும் புலனாயிற்று. சமன்மை வந்தால் தரம் குன்றும் என்னும் அச்சத்திற்கு இது தக்க மறுப்பு.

கடல் கடந்த தமிழரின் நிலையும் இதனோடு ஒப்பிடத்தக்கது. இலங்கையில் கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் இலவசக் கல்வி வந்தும், மலையகத் தோட்டப் பள்ளிகள் நெடுங்காலம் தொடக்க வகுப்புகளோடு நின்றன. 1970களில் அரசு அவற்றை ஏற்ற பின்னரே மேற்படி மெல்லத் திறந்தது. மலேசியாவில் தமிழ்ப் பள்ளி தொடக்க நிலையோடு முடிகின்றது. மலாய் மொழியிற் போதிய தேர்ச்சி பெறாத மாணவர் இடைநிலைப் பள்ளியில் சேருமுன் ஓராண்டு புகுமுக வகுப்பில் அமர வேண்டியவராயினர். காஞ்சியில் தறி செய்ததை மலையகத்தில் தேயிலைத் தோட்டமும், மலேசியாவில் மொழி மாற்றமும் செய்தன. காரணம் வேறு, வழுக்கும் படி ஒன்றே.

9. தரம் என்பது யாது?

ஏறியோர் தொகை பெருகியபின் தரம் பற்றிய வினா எழுகின்றது. பதினைந்து அகவை மாணவரின் திறனை அளக்கும் பன்னாட்டுத் தேர்வின் 2009ஆம் ஆண்டுச் சுற்றின் தொடர்ச்சியில் இந்தியாவிலிருந்து தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் கலந்துகொண்டன. தமிழ்நாட்டு மாணவர் பெற்ற சராசரி படிப்பறிவில் 337; கணக்கில் 351; அறிவியலில் 348. பங்கேற்ற எழுபத்து நான்கு நிலப்பகுதிகளுள் இது கடைசி வரிசை. படிப்பறிவில் அடிப்படை நிலையை எட்டியோர் நூற்றுக்குப் பதினேழு பேரே. இதன்பின் 2012, 2015, 2018 ஆகிய ஆண்டுகளின் தேர்வுகளில் இந்தியா பங்குகொள்ளவில்லை. கருவி நம் நாட்டிற்குப் பொருந்தாது என்ற தடையில் ஓரளவு உண்மை இருப்பினும், பத்தாண்டு பள்ளியில் அமர்ந்தும் படித்ததைப் பொருளுணர்ந்து கூற இயலாதோர் பலர் என்னும் செய்தியை அது மாற்றாது.

இதனைக் கண்டு, பலரையும் சேர்த்தமையால் தரம் கெட்டது என்று கூறுவோர் உளர். அவர்கள் நினைக்கும் பழைய தரம், தறியில் அமர்ந்திருந்தோரைக் கணக்கில் சேர்க்காமற் பெற்ற சராசரி. நூற்றுவரில் பதின்மரை மட்டும் கற்பித்து, அப்பதின்மரின் தேர்ச்சியை ஊரின் தரம் என்பது கணக்கியல் நெறிக்கு ஒவ்வாது. தமிழ்நாட்டில் அரசு வாரியம், மெட்ரிகுலேசன், ஆங்கிலோ இந்தியர், கீழைக் கல்வி என நான்காகப் பிரிந்திருந்த பாடத்திட்டங்களை 2010ஆம் ஆண்டுச் சமச்சீர்க் கல்விச் சட்டம் ஒன்றாக்கியது. 2011 ஆகத்தில் உச்ச நீதிமன்றம் அதனை நடைமுறைப்படுத்த ஆணையிட்டது. பாடநூல் ஒன்றாயிற்று, பள்ளி ஒன்றாகவில்லை. மருத்துவச் சேர்க்கையில் அரசுப் பள்ளி மாணவர்க்கு 2020இல் ஏழரை விழுக்காடு ஒதுக்க நேர்ந்ததே, இடைநிலையில் நின்ற வேற்றுமைக்கு அரசு தந்த ஒப்புதல்.

10. முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன இவை: காஞ்சி நாட்டில் உயர்கல்விக்கும் எழுத்தறிவிற்கும் எக்காலத்தும் பெருங்குறை இருந்ததில்லை, இரண்டையும் இணைக்கும் படியே பிறப்பாலும், பின்னர்த் தொழிலின் அமைப்பாலும், இன்று சட்டத்தின் எல்லையாலும் குறுகிற்று. உணவும் கட்டண விலக்கும் அப்படியை அகலமாக்கின. ஏறியவர்க்கு உள்ளே கிடைப்பது யாது என்பதே இனி எஞ்சிய வினா. சமன்மையும் தரமும் இரு வேறு பொருளல்ல. பாதிப் பேரை விட்டுவிட்டுப் பெறும் தரம் தரமாகாது. பொருளுணர வைக்காத சேர்க்கை சமன்மையும் ஆகாது.

இத்துறையில் ஆய்வு செய்யப் புகும் இளைஞர்க்கு ஒரு வேண்டுகோள். காஞ்சியிலும் சுற்றூர்களிலும் உள்ள பழைய பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகளை நாடுங்கள். ஆங்கே மாணவன் சேர்ந்த நாள், தந்தையின் தொழில், பள்ளியை விட்டு நீங்கிய நாள் ஆகியன வரிசையாக எழுதப்பட்டிருக்கும். தொழில் என்னும் பகுதியில் 'நெசவு' என்றிருக்கும் பெயர்களை எடுத்து, அவர்கள் எவ்வகுப்பில் நீங்கினர் என்பதை ஆண்டுதோறும் எண்ணினால், இக்கட்டுரை கருத்தளவில் கூறியது எத்துணை உண்மை என்பது விளங்கும். செப்பேட்டைக் காப்பது போல அப்பதிவேடுகளையும் காத்தல் வேண்டும். கரையான் முந்துமுன் அவற்றைப் படியெடுத்தல் வேண்டும்.